புது மரத்தவளைக்கு முதல் மாதம் எங்கே இடம்: செடித் தொட்டியா, வெறும் பெட்டியா?

மரத்தவளை வளர்க்கப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தத் தொட்டி நல்லது, என்ன செடி வைக்கலாம், விளக்கு எத்தனை வாட் என்பதுதான். தவளை வீட்டுக்கு வரும் முதல் ராத்திரி அதை எதற்குள் விடுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி. முதல் நான்கு வாரத்துக்கு நாம் செய்து வைக்கும் ஏற்பாட்டைப் பொறுத்துத்தான் தவளை சாப்பிடத் தொடங்குவதும், அதற்கு ஏதாவது நோய் இருந்தால் அது நேரத்தில் நம் கண்ணில் படுவதும் இருக்கிறது.

வழி மூன்று உண்டு. செடி, மண், பாசி, மரப்பட்டை எல்லாம் வைத்துத் தயாராக இருக்கும் தொட்டியில் அன்றைக்கே விட்டுவிடலாம். இல்லையென்றால் ஒரு மாதம் சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தொட்டிக்கு மாற்றலாம். மூன்றாவது, கடைசிவரை இருக்கப்போகும் அதே பெரிய தொட்டியில் விட்டு, உள்ளே மண்ணும் செடியும் இல்லாமல் ஏறக்குறைய காலியாக வைத்து, வாரம் போகப் போக ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏற்கெனவே தவளை இருந்தால் பெட்டிதான், வேறு யோசனையே வேண்டாம். இதுதான் உங்கள் முதல் தவளை என்றால் மூன்றாவது வழி. முதல் வழியை நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன், யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் பேசுவது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையைப் பற்றி. எங்கள் வீடு மேற்கு சிட்னியில், வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறது. இந்தத் தவளை முழுதாக வளர்ந்தால் 10 சென்டிமீட்டர் வரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம்கூட வாழும். 1790-ல் ஜான் வைட் என்ற கப்பற்படை மருத்துவர் முதன்முதலில் இதைப் பற்றி எழுதியதால் வெளிநாடுகளில் இதை வைட்டின் மரத்தவளை என்கிறார்கள். அறிவியல் பெயரில் வரும் செருலியா என்ற சொல்லுக்கு லத்தீனில் நீலம் என்று பொருள். பச்சைத் தவளைக்கு நீலம் என்று பெயர் வந்ததற்குக் காரணம், சாராயத்தில் போட்டுப் பாதுகாத்த உடலில் மஞ்சள் நிறமி கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சியதுதான். இந்த நிற விஷயத்தை மறக்காதீர்கள், தவளையின் நிறத்தைப் பார்த்து நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க மாநில அரசின் உரிமம் வாங்க வேண்டும், தோட்டத்திலிருந்தோ காட்டிலிருந்தோ பிடித்து வளர்க்கக் கூடாது. உரிமம் வாங்கிய வளர்ப்பாளரிடமிருந்து குஞ்சாக வாங்கலாம். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி அது. குவீன்ஸ்லாந்திலிருந்து வாழைப்பழப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு லாரியேறி சிட்னிச் சந்தைக்கு வந்து சேரும் தவளைகள் உண்டு. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாது, வழியில் எந்த நோய் ஒட்டியிருக்கும் என்றும் தெரியாது, அதனால் அவற்றை மறுபடி வெளியே விடக் கூடாது. அப்படி வந்த தவளைகளை ஃபேட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தவளை, தலைப்பிரட்டை ஆய்வுக் குழு வாங்கிப் பராமரித்து, உரிமம் உள்ளவர்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. வளர்ப்பாளரிடம் பிறந்த குஞ்சா, பெட்டியில் பயணம் செய்து வந்ததா என்பது நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் கொஞ்சம் மாற்றும். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் வழியின் கதை

எங்கள் முதல் தவளைக்கு என் மகள் வைத்த பெயர் கிளி. அது வருவதற்கு மூன்று வாரம் முன்பே 45 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொட்டி வாங்கி, அடியில் தென்னை நார்த்தூள் நான்கு விரற்கடை போட்டு, மேலே பாசி பரப்பி, மணி பிளான்ட் கொடி, தக்கைப் பட்டை எல்லாம் வைத்தாயிற்று. பார்க்க ஒரு சின்னக் காடு மாதிரி இருந்தது. கிளியை உள்ளே விட்டோம், இலைக்குப் பின்னால் போனது, அதோடு நான்கு நாள் நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றால் சாதாரணமாகத் தோன்றும், இரவில் நடமாடும் உயிர், பகலில் ஒளிந்திருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஆனால் அந்த நான்கு நாளில் எனக்குத் தெரியாமல் போனவற்றைப் பாருங்கள். போட்ட பத்து சுவர்க்கோழிகளில் (இங்கே டப்பாவில் அடைத்து விற்கும் கிரிக்கெட் பூச்சிதான்) எத்தனையைத் தின்றது, எத்தனை நார்த்தூளுக்குள் புதைந்தது என்று தெரியவில்லை. கழித்ததா இல்லையா தெரியவில்லை, அந்தப் பழுப்பு நாரில் பழுப்புக் கழிவை யார் கண்டுபிடிப்பது? ஐந்தாம் நாள் டார்ச் அடித்துத் தேடியபோது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, கிளிப் பச்சை போய் காய்ந்த புளியங்கொட்டை நிறத்தில். மூக்கு நுனியில் அரிசி அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கண்ணாடி என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது தவளைக்குத் தெரியாது, வெளியே வழி இருக்கிறது என்று நினைத்து ராத்திரி முழுக்க அதன் மேல் தாவித் தாவி மூக்கைத் தேய்த்திருக்கிறது. அந்தப் புண்ணில் கிருமி சேர்ந்து, விலங்கு மருத்துவரிடம் இரண்டு முறை போய், மூன்று வாரம் மருந்து போட்டுத்தான் ஆறியது. மருத்துவர் முதலில் செய்யச் சொன்னது, அந்தக் காட்டையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் பெட்டியில் காகிதம் விரித்து வையுங்கள் என்பதுதான்.

செடித் தொட்டிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள்: ஒளிய இடம் நிறைய இருந்தால் தவளைக்குப் பயம் குறையும், இரண்டு முறை இடம் மாற்றும் தொந்தரவும் இல்லை. அந்த இரண்டும் உண்மை. இடம் மாற்றுவது தவளைக்கு நிச்சயம் சிரமம்தான். ஆனால் ஒளிய இடம் கொடுப்பதற்கு ஒரு காடு தேவையில்லை, ஒரு துண்டுக் குழாய் போதும். காட்டால் தவளைக்குக் கிடைக்கும் நன்மையைக் குழாயே கொடுத்துவிடுகிறது, காட்டால் நமக்கு வரும் குருட்டுத்தனம் மட்டும்தான் மிச்சம்.

பெட்டி வழி

சமையலறைப் பொருள் விற்கும் கடையில் 30 லிட்டருக்கு மேல் கொள்கிற, மூடி இறுகப் பூட்டும் ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்று வாங்கி, மூடியிலும் பக்கத்திலும் சின்னச் சின்னத் துளை போட்டால் பெட்டி தயார். துளையை உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகப் போடுங்கள், பிசிர் உள்ளே இருந்தால் தோலைக் கீறும். அடியில் நனைத்துப் பிழிந்த, சாயமும் வாசனையும் இல்லாத கிச்சன் பேப்பர். ஒரு ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். கை அகலத்துக்கு பிவிசி குழாய்த் துண்டு ஒன்று சாய்த்து, ஒன்று நிறுத்தி வைக்க வேண்டும். இந்தத் தவளைக்குக் குழாய் என்றால் உயிர். குவீன்ஸ்லாந்து வீடுகளில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் கழிப்பறைப் பீங்கானுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்வது இதே தவளைதான். குழாய்க்குள்ளிருந்து கத்தினால் சத்தம் பெருகித் தெருவுக்கே கேட்கும்.

பெட்டியின் பெரிய லாபம், எல்லாம் தெரியும். காலையில் வெள்ளைக் காகிதத்தின் மேல் கழிவு இருக்கிறதா, உருண்டையாக இருக்கிறதா, நீராக இருக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். தோல் உரித்தால் தெரியும். (ஆரோக்கியமான தவளையும் தோலை உரித்து வாயாலேயே இழுத்துத் தின்னும், முதன்முறை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அப்படி உரிப்பது சரி. துண்டு துண்டாகத் தோல் பெட்டி முழுக்கக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.) வாரம் ஒருமுறை பெட்டியோடு தராசில் வைத்து எடை பார்க்கலாம். காகிதத்தைச் சுருட்டி எறிந்து, பெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவினால் சுத்தம் முடிந்தது.

நோய் விஷயத்தில்தான் பெட்டிக்கு ஈடே இல்லை. கைட்ரிட் என்ற பூஞ்சை 1998-ல் தான் அறிவியலாளர்கள் கண்ணில் பட்டது, அதற்குள் உலகம் முழுவதும் தவளைகளைத் தின்றுகொண்டிருந்தது. 2019-ல் வெளியான ஆய்வு, தவளை உள்ளிட்ட 501 நீர்நில வாழ் இனங்கள் இதனால் குறைந்தன, அவற்றில் 90 அழிந்தே போயிருக்கும் என்று கணக்கிட்டது. தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறது, இந்தப் பூஞ்சை அந்தத் தோலையே கெடுத்து கடைசியில் இதயத்தை நிறுத்திவிடும். 2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் தோட்டங்களிலும் படிக்கட்டுகளிலும் பச்சை மரத்தவளைகள் பழுப்பாகி, சுருங்கிச் செத்துக் கிடந்ததை எங்கள் பக்கம் பலரும் பார்த்தோம். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் தவளை ஆய்வாளர் ஜோடி ரௌலியும் குழுவும் பொதுமக்கள் உதவியோடு அந்தச் சாவுகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகு, புதுத் தவளையை நேராகப் பழைய தவளையின் தொட்டியில் விடுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தனிமை குறைந்தது 30 நாள், முடிந்தால் 60. இரண்டு தொட்டிக்கும் ஒரே இடுக்கி, ஒரே கிண்ணம், ஒரே துணி கூடாது. முதலில் பழைய தவளையைக் கவனித்து முடித்து, அப்புறம்தான் புதியதைத் தொட வேண்டும். மருத்துவர் பஞ்சுக் குச்சியால் தோலைத் தடவிப் பரிசோதனைக்கு அனுப்புவார், பூஞ்சை இருந்தால் மருந்தும் இருக்கிறது. வாழைப்பழப் பெட்டியில் வந்த தவளை என்றால், அது வீட்டில் ஒரே தவளையாக இருந்தாலும் நான் பெட்டியைத்தான் சொல்வேன்.

பெட்டியின் குறை, உயரம் இல்லை. மரத்தவளை மேலே ஏறி உட்கார்ந்து கீழே பார்க்க விரும்பும். ஒரு மாதம் தாங்கும், ஆறு மாதம் அப்படி வைப்பது நியாயமில்லை. வெப்பத்தைச் சீராக வைப்பதும் பெட்டியில் கடினம், வெளிச்ச விளக்கு பொருத்தவும் தோதில்லை.

காலித் தொட்டி வழி

முதல் தவளை, நல்ல வளர்ப்பாளரிடம் பிறந்தது, வீட்டில் வேறு தவளை இல்லை என்றால் பெட்டிக்குள் வைத்து மறுபடி மாற்றுவதற்குக் காரணமே இல்லை. அதே உயரத் தொட்டி, அடியில் கிச்சன் பேப்பர், சாய்வாக ஒரு கிளை, நேராக ஒரு குழாய், மேலே மறைவுக்குப் பிளாஸ்டிக் இலைக்கொத்து ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். அவ்வளவுதான். இதில் மறக்கக் கூடாதது மூன்று பக்கக் கண்ணாடியையும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டி மறைப்பது. பழைய செய்தித்தாள் போதும். கிளியின் மூக்கு உரிந்ததற்கு மருந்து இந்தச் செய்தித்தாள்தான், நாங்கள் அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவதாக வந்த மரகதத்தை நான் பெட்டியில் வைக்காமல் இப்படித் தனித் தொட்டியில்தான் விட்டேன், முதல் நாளே காகிதம் ஒட்டினோம், ஒருமுறைகூடக் கண்ணாடியில் மோதவில்லை.

தொட்டியை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. டிவிக்குப் பக்கம் வேண்டாம், வெயில் நேரே விழும் ஜன்னல் வேண்டாம், ஆள் நடமாடும் வழியில் முழங்கால் உயரத்தில் வேண்டாம். தலைக்கு மேலிருந்து நிழல் விழுந்தால் தவளைக்கு அது பறவை. நெஞ்சு உயரத்தில், அறையின் மூலையில் வைத்தால் நாம் அருகே போகும்போது அதன் கண்ணுக்கு நேராக இருப்போம். நம் வீடுகளில் இன்னொன்று உண்டு: சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், கரப்பான் மருந்து. தவளையின் தோல் பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சும், கொசுவத்தியிலும் பூச்சி மருந்திலும் இருக்கும் ரசாயனம் அதற்கு விஷம். பூஜை அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவாவது இருக்கட்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது.

தரை: காகிதமா, தென்னை நாரா, கூழாங்கல்லா

முதல் மாதத்துக்குக் காகிதம்தான் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தென்னை நார்த்தூள் நல்லது, ஈரம் பிடித்து வைக்கும், வாயோடு கொஞ்சம் போனாலும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆனால் மெலிந்த, சின்னத் தவளைக்கு அதுவும் வயிற்றில் அடைக்கலாம் என்பதால் நான் குஞ்சுக்குப் போட மாட்டேன். மீன் தொட்டிக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். இந்தத் தவளை சின்னப் பூச்சியை நாக்கால் பிடிக்கும், பெரிய பூச்சி என்றால் வாயைத் திறந்து உடம்போடு விழுந்து கவ்வும், கூடவே கல்லும் போகும். கல் வைத்தே ஆக வேண்டும் என்றால் தவளையின் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

சூடு: பல்பா, ஹீட் மேட்டா, அறை ஹீட்டரா

சிட்னியில் இதை வளர்க்கிறவர்கள் பலரும் தடுமாறுவது இங்கேதான். ஜனவரி இங்கே கோடை, ஒரு கவலையும் இல்லை. ஜூலையில் மேற்கு சிட்னியில் வெளியே 5, 6 டிகிரிக்கு இறங்குகிற ராத்திரிகள் வரும், நம் வீட்டுச் சுவர்கள் மெல்லிசு, கூடம் 13 டிகிரிக்கு வந்துவிடும். பச்சை மரத்தவளைக்குப் பகலில் 24-லிருந்து 28, இரவில் 18-க்குக் கீழே போகாமல் இருந்தால் சுகம். குளிரில் அது பழுப்பாகும், சாப்பிடாது, சாப்பிட்டதும் செரிக்காது. கைட்ரிட் பூஞ்சைக்கோ குளிர்ச்சி பிடிக்கும், 17-லிருந்து 25 டிகிரிக்குள் நன்றாக வளரும். ஆக, புதிதாக வந்து பயந்துபோய் இருக்கும் தவளையைக் குளிரிலும் வைப்பது இரட்டை அடி. முடிந்தால் குளிர்காலத்தில் தவளை கொண்டுவராதீர்கள், அக்டோபருக்குப் பிறகு கொண்டுவந்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

அறை ஹீட்டர் போட்டால் தொட்டிக்குள் எந்தக் கம்பியும் வேண்டாம், ஆனால் மின்சாரக் கட்டணம் கையைக் கடிக்கும், அறையின் ஈரமெல்லாம் போய்விடும், ராத்திரி அணைத்தவுடன் சரசரவென்று குளிர்ந்துவிடும். மேலே தொங்கும் பல்பு தொட்டிக்குள் வெயில் காயும் இடம் ஒன்றை உண்டாக்கும், அது நல்லதுதான், ஆனால் அதைத் தொட்டிக்குள் திறந்தபடி விட்டால் தவளை ஏறி ஒட்டிக்கொள்ளும், ஈரமான வயிறு சுட்டுப்போகும். கம்பி வலைக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும். ஹீட் மேட் என்பது ஒட்டக்கூடிய சூட்டு விரிப்பு. பலர் தொட்டிக்கு அடியில் ஒட்டுகிறார்கள், அது தவறு, தண்ணீர்க் கிண்ணம் கொதிப்பேறும், தரை காய்ந்துவிடும். மரத்தவளை மேலே இருக்கிற உயிர், சூடும் பக்கச் சுவரில், மேல்பாதியில், வெளியிலிருந்து வர வேண்டும். நான் முதல் மாதத்துக்குத் தேர்ந்தெடுப்பது இந்தப் பக்க விரிப்பைத்தான், பெட்டிக்கும் தொட்டிக்கும் ஒன்றே பொருந்தும், வெளிச்சம் இல்லாததால் புதுத் தவளையை உறுத்தாது. சூடு கூடினால் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மட்டும் மாட்டாதீர்கள். தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. தொட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் தவளைக்குத் தேர்ந்தெடுக்க இடமில்லை.

மரகதம் வந்தபோது விரிப்பை வலது பக்கம் ஒட்டினேன். முதல் மூன்று ராத்திரி இடது ஓரத்துக் குழாயிலேயே இருந்தது, நான்காம் நாள் காலை போய்ப் பார்த்தால் வலது கண்ணாடியில், விரிப்பின் விளிம்பில், நான்கு காலையும் உள்ளே மடித்துக்கொண்டு கொழுக்கட்டை மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. முதுகு நல்ல பச்சை. வயிற்று ஓரத் தோல் கண்ணாடியில் தட்டையாகப் பரவி, தொண்டை மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. கால்களை மடித்து வைத்துத் தூங்கும் தவளை நிம்மதியான தவளை. கால்களைப் பரப்பிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் தரையில், தொட்டால்கூட நகராமல் கிடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். உள்தொடையும் வயிறும் சிவந்திருந்தாலும் அப்படித்தான்.

தண்ணீர்

ஒரு இரவு திறந்து வைத்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் போய்விடும் என்று நம் வீடுகளில் மீன் வளர்த்த அனுபவத்தில் சொல்வார்கள். குளோரின் மட்டும் என்றால் சரி. சிட்னியில் பல பகுதிகளுக்குக் குளோரமைன் கலந்து வருகிறது, அது காற்றாட வைத்தால் போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டு மருந்தில், குளோரமைனையும் நீக்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் இன்னும் சுத்தம் என்று அதை ஊற்ற வேண்டாம், உப்பே இல்லாத தண்ணீர் தவளையின் உடம்பிலிருந்து உப்பை இழுத்துவிடும். தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சும், அதே கிண்ணத்தில்தான் கழிக்கவும் செய்யும், அதனால் தினமும் மாற்ற வேண்டும். ஈரம் 50, 60 சதவீதம் போதும். எந்நேரமும் சொதசொதவென்று இருக்கும் தொட்டியில் இந்தத் தவளைக்குத் தோல் நோய்தான் வரும்.

சாப்பாடு: விட்டுவிடுவதா, இடுக்கியா

முதல் மூன்று நாள் ஒன்றும் போடாதீர்கள், இது பலருக்கு மனசு கேட்காது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் சோறு போடுகிறவன் இருக்கிறான் என்று என் அம்மா தொலைபேசியில் சொன்னார், இரண்டு நாளாக அது பட்டினி என்று நான் புலம்பியபோது. உடம்பில் சதை உள்ள தவளை ஒரு வாரம் சாப்பிடாமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது. பயந்திருக்கும்போது பத்துப் பூச்சிகள் மேலே ஊர்ந்தால் பயம்தான் கூடும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழி ராத்திரி தவளையின் தோலைக் கடிக்கவும் செய்யும்.

நான்காம் நாள், இருட்டிய பிறகு. பூச்சியைச் சும்மா உள்ளே விட்டால் தவளை தன் இயல்புப்படி வேட்டையாடும், உடற்பயிற்சியும் ஆகும், ஆனால் எத்தனை தின்றது என்ற கணக்கு போய்விடும். முனை மழுங்கிய இடுக்கியில் பிடித்துக் காட்டினால் ஒவ்வொன்றையும் எண்ணலாம், பூச்சியின் மேல் தூவிய கால்சியம் பொடி உதிராமல் வாய்க்குப் போகும், ஆனால் கையைக் கண்டே பயப்படும் தவளை முதல் வாரத்தில் இடுக்கியை எட்டிக்கூடப் பார்க்காது. நடுவழி ஒன்று இருக்கிறது, எனக்கு இரண்டு தவளையிலும் பலித்தது: வழவழப்பான உயரச் சுவருள்ள கிண்ணம் ஒன்றில் மூன்றே பூச்சியைப் போட்டுக் கிளைக்குக் கீழே வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். காலையில் கிண்ணத்தை எண்ணினால் கணக்கு வந்துவிடும். வழவழப்பிலும் ஏறத் தெரிந்த வுட்டி என்கிற மரக்கரப்பானைவிட, ஏறத் தெரியாத சுவர்க்கோழி இதற்கு நல்லது. பூச்சியின் நீளம் தவளையின் இரு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது வாரத்திலிருந்து இடுக்கியைப் பழக்கலாம். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. கண்ணுக்கு மேல் இருக்கும் மேட்டைப் பாருங்கள், மேடே இல்லாவிட்டால் மெலிவு, மடிந்து கண்ணை மறைக்கத் தொடங்கினால் கொழுப்பு.

பத்து நாளுக்கு மேல் ஒன்றுமே தொடவில்லை என்றால், அல்லது வாராந்திர எடை தொடர்ந்து இறங்கினால் காத்திருக்க வேண்டாம், தவளை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தொடுவது

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதுதான் சண்டை. இந்தத் தவளை அமைதியானது, கையில் உட்காரும், அதனாலேயே முதல் நாளே எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கை உள்ளே போவது தண்ணீர் மாற்றவும் காகிதம் மாற்றவும் மட்டும் இருக்கட்டும். அதற்குப் பிறகும், சோப்பெல்லாம் போகக் கழுவி, குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்த கையால்தான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், கிரீம், சானிடைசர் தடவிய கை அதன் தோலுக்கு நெருப்பு. தொட்ட பிறகு நாமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தவளைத் தோலில் சால்மோனெல்லா என்ற வயிற்றுக் கிருமி இருக்கலாம். என் மகளுக்குக் கொடுத்த வேலை, தினமும் இரவு எட்டு மணிக்கு வந்து தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து நோட்டில் எழுதுவது: எங்கே இருக்கிறது, என்ன நிறம், கிண்ணத்தில் எத்தனை மிச்சம். அவள் தொடாமல் இருக்கப் பழகியது அந்த நோட்டால்தான்.

துணைக்கு இரண்டு வாங்கலாமா என்றால், முதல் மாதத்தில் வேண்டாம். சேர்ந்து வாழும் தவளைதான், ஆனால் காகிதத்தின் மேல் கிடக்கும் கழிவு யாருடையது என்று உங்களால் சொல்ல முடியாது. அளவில் சிறியதைப் பெரியது விழுங்கவும் பார்க்கும்.

எப்போது செடி

நான்கு வாரம் முடிந்து, எடை ஏறியோ நிலையாகவோ இருந்து, கழிவு சரியாக இருந்து, தவளை மாலையில் தானாக வெளியே வந்து உட்காரத் தொடங்கியிருந்தால் செடிக்கு நேரம் வந்தாயிற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குழாயையும் கிளையையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு முதல் வாரம் ஒரு தொட்டிச் செடி மட்டும், பூச்சி மருந்தும் உரமும் போகும்படி இலையையும் வேரையும் கழுவி வையுங்கள். அடுத்த வாரம் பட்டை. தரையில் நார்த்தூள் கடைசி. பெட்டியிலிருந்து மாற்றுகிறவர்கள் அந்தப் பழைய குழாயைக் கூடவே கொண்டு போங்கள், தவளை உள்ளே இருக்கும்போதே குழாயோடு தூக்கி வைத்துவிட்டால் கையால் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடிச் செய்தித்தாளை ஒவ்வொரு பக்கமாக, வாரத்துக்கு ஒன்றாகக் கிழியுங்கள்.

மரகதத்துக்கு நார்த்தூள் போட்டது ஏழாவது வாரம். 22 கிராமாக வந்தது அன்றைக்கு 27 கிராம் இருந்தது. மணி பிளான்ட் அதன் தலைக்கு மேலே வரை வளர்ந்துவிட்டது, பெரிய தக்கைப் பட்டை ஒன்று செலவழித்து வாங்கி வைத்தோம், அது இன்னும் தூங்குவது முதல் நாள் கொடுத்த அந்தப் பிவிசி குழாய்க்குள்தான்.